உஸ்ஸென்று ஒரு சத்தம்

வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஆம்பளைகள் எல்லோரும் முதலில் குனிந்து இன்ஜினைப் பார்ப்போம். பார்த்து என்ன தெரியும் என்று கேட்கக் கூடாது. இன்ஜின் அங்கேதான் இருக்கிறது, ராத்திரி யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை என்பது தெரியும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. ஆனால் குனிகிற தோரணையில் குறை வைத்ததில்லை. ஒரு கையை டேங்க் மேல் ஊன்றி, நெற்றியைச் சுருக்கி, ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் கொடுப்பேன். போகிறவர்களும் வருகிறவர்களும், ஆளுக்கு விஷயம் தெரியும்போல என்று நினைத்து உதவிக்கு நிற்காமல் போய்விடுவார்கள். தோரணையால் எனக்குக் கிடைத்த முதல் நஷ்டம் இது.

கதை நடந்தது 2016 கடைசியில். மதுரை பீ.பீ.குளத்தில் குடியிருந்தோம். கீழவெளி வீதிப் பக்கம் ஒரு கடையில் எனக்குக் கணக்கெழுதுகிற வேலை. அந்த வருஷம்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு நூறு சிசி பைக் வாங்கியிருந்தேன். செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். இந்த விவகாரத்தில் வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை. அதன் பெயரை எதற்குக் கெடுக்க வேண்டும்? வாங்கின மோகம் தீராத நேரம். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, ஹேண்டில்பாருக்குக் கதம்ப மாலை சுற்றி, கை படுகிற இடமெல்லாம் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து மாப்பிள்ளை மாதிரி வாசலில் நிறுத்தினேன். “வண்டிக்குப் பொட்டு வைக்கச் சொன்னா பூச்சு வேலை பாத்து வச்சிருக்கீங்க” என்றாள் மனைவி. பக்தியில் அளவு பார்க்கக் கூடாது என்று பதில் சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் பிறகு வரும்.

நவம்பர் 8 ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் டி.வி.யில் சொன்னபோது என் பையில் ஒரே ஒரு ஐந்நூறு இருந்தது. பெட்ரோல் பங்கில் கொஞ்ச நாளைக்குப் பழைய நோட்டை வாங்குவார்கள் என்றார்கள். நான் அதுவரை ஒரு தடவைகூட நூறு ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டதில்லை. கணக்கெழுதுகிறவன் புத்தி. டேங்கில் கிடக்கிற காசுக்கு வட்டி கிடையாதே. இரண்டு நாள் கழித்து வரிசையில் நின்று, முறை வந்ததும் “நூறுக்கு” என்று நோட்டை நீட்டினேன். பையன் சிரித்தான். “சில்லறைக்கு எங்கண்ணே போறது? ஐந்நூறுக்கும் போட்டுக்கங்க. இல்லாட்டி வண்டியத் தள்ளுங்க.” அன்றைக்கு லிட்டர் அறுபத்தேழு ரூபாய் பக்கம். என் வண்டி முதன்முதலாகக் கழுத்துவரை குடித்தது.

மறுநாள் காலை ஒன்பதே கால். கோரிப்பாளையம் தாண்டி ஏ.வி. பாலத்தின் நடுவில் வண்டி இரண்டு தடவை செருமியது, மூன்றாவதில் நின்றது. பின்னால் டவுன் பஸ், அதன் பின்னால் ஷேர் ஆட்டோக்கள், எல்லோருடைய ஹாரனும் என் முதுகில். ஓரம் கட்டி உதைக்க ஆரம்பித்தேன். முதல் பத்து உதை நம்பிக்கையில். அடுத்த பத்து கோபத்தில். அதற்கப்புறம் உதைத்தது, நிறுத்தினால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாததால். முப்பது சொச்சத்தில் வலது கால் செருப்பின் வார் அறுந்தது. பாலத்துக்குக் கீழே, அழகர் இறங்குகிற வைகையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மாடு மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

கடைசியில், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டு இருக்கிறதா என்று பார்ப்பது மடத்தனம்தான். ஆனாலும் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. மூடினேன். வயிற்றெரிச்சலில் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நாலு உலுக்கு உலுக்கி, வெறுங்காலால் மறுபடி உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

நீங்களாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்களோ தெரியாது. உலுக்கினால் ஸ்டார்ட் ஆகும் என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

அதன்பின் தினமும் காலையில் அந்தச் சடங்கு நடந்தது. பாலத்தில் வண்டி நிற்கும். மூடியைத் திறப்பேன், உஸ், எட்டிப் பார்ப்பேன், மூடுவேன், சொல்பேச்சுக் கேட்காத பையனைத் தோளைப் பிடித்து உலுக்குகிற மாதிரி உலுக்குவேன், ஸ்டார்ட் ஆகும். பாலத்து முனையில் சைக்கிளில் டீ விற்கிற பெரியவர் நான்காம் நாள் பக்கத்தில் வந்தார். “ஆட்டினா என்ன தம்பி வரும்? டேங்குக்குள்ள வாய வச்சு ஊதுங்க. டியூப்ல காத்து அடைச்சிருக்கும்.” மூடியைத் திறந்து, உதட்டைப் பொருத்தி, கன்னம் உப்ப ஊதினேன். கண்ணில் நீர் வந்தது. ஆனால் இரண்டே உதை! உலுக்கலை விட்டுவிட்டு ஊதலுக்கு மாறினேன். அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டில் ரசத்துக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் பெட்ரோலாகவே இருந்தது. இருந்தாலும் என் மூச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

செப்டம்பரில் ஜியோ வந்திருந்தது. இலவச டேட்டாவில் ஊரே சினிமா பார்த்தது. நான் ப்ளக் கழற்றுகிற வீடியோ பார்த்தேன். அதில்தான் என் வீழ்ச்சி வேகம் பிடித்தது. இன்ஜினுக்கு வேண்டியது நாலு: பெட்ரோல், காற்று, தீப்பொறி, உள்ளே அழுத்தம். ஏறக்குறைய பதினாலே முக்கால் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது, எடைக் கணக்கில், சரியான கலவை. ப்ளக் முனை கறுப்பாகக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் குறைவு, ஈரமாக இருந்தால் உதைத்து உதைத்து நனைத்துவிட்டீர்கள், காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். முனையின் இடைவெளி, என் வண்டிக்கு, 0.6லிருந்து 0.7 மில்லிமீட்டருக்குள். இதெல்லாம் உண்மை, இன்றைக்கும் உண்மை. அரைகுறை ஞானத்தில் உள்ள ஆபத்து, அதில் இருக்கிற பாதி சரியாகவே இருக்கும் என்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைவரை நாலு சுற்று ஓட்டி வண்டியை நிற்கவைத்து (அதற்குள் அது எப்போது நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி) ப்ளக்கைக் கழற்றினேன். காப்பித்தூள் நிறம். அதாவது எல்லாம் நலம் என்று வண்டி எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டது. நான் நம்பவில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்க ப்ளக்கை அதன் கேப்பில் செருகி, உலோகப் பகுதி இன்ஜினில் படும்படி பிடித்துக்கொண்டு கிக்கரை அழுத்த வேண்டும். கேப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை வீடியோவில் சொன்னார்களோ, நான்தான் தள்ளிவிட்டுப் பார்த்தேனோ. விரல் நுனியிலிருந்து தோள்பட்டைவரை யாரோ ஈர்க்குச்சிக் கட்டால் விளாசின மாதிரி இருந்தது. “கரண்ட் வருது” என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, “கரண்ட் போகவே இல்லையே சார்” என்றார்.

உப்புத்தாள் வைத்து ப்ளக்கைத் தேய்த்து மாட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. உதைத்தேன். ஸ்டார்ட் ஆனது! ஆகாதா பின்னே? அந்த அரை மணியில் அது தானாகவே சரியாகியிருக்கும். அது எனக்குத் தெரியாதே. கோளாறு ப்ளக்தான் என்று தீர்மானித்துப் புது ப்ளக் வாங்கினேன், தொண்ணூறு ரூபாய்.

இந்த இடத்தில் என் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் பேரேடு எழுதுகிறவன் வீட்டில் சும்மா இருப்பானா? வண்டி எந்தத் தேதியில் எந்த இடத்தில் நின்றது, என்ன வைத்தியம் பார்த்தேன், எவ்வளவு செலவு என்று கட்டம் போட்டு எழுதிவந்தேன். புது ப்ளக் போட்ட வாரம் வண்டி பாலத்தைத் தாண்டி யானைக்கல்லில் நின்றது. ‘முன்னேற்றம்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். காயில் மாற்றினேன், முந்நூற்றைம்பது. சிம்மக்கல் தாண்டி நின்றது. ‘நல்ல முன்னேற்றம்.’ பெட்ரோல் டியூப் நாற்பது, ஏர் ஃபில்டர் நூற்றிருபது, கார்பரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்ய இருநூறு. மொத்தம் எண்ணூறு ரூபாய். ஏ.டி.எம். வாசலில் இரண்டாயிரத்துக்குக் கால்கடுக்க நின்ற காலம் அது. அந்த நோட்டுக்கும் எங்கேயும் சில்லறை கிடையாது. மெக்கானிக் பாவம், எல்லாவற்றையும் கடன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் ஒவ்வொரு தடவையும், “எனக்கென்னமோ நல்லாத்தான் இருக்குண்ணே” என்பார். அவர் கடைக்கு நான் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வண்டிக்குக் கோபம் தணிந்து, அவர் உதைத்தால் ஒரே உதையில் கிளம்பும். பல்வலிக்காரன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி போய்விடுகிற கதை. நான்தான் வற்புறுத்தி ஒவ்வொன்றாக மாற்றவைத்தேன்.

மனைவி இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். மார்க்கெட்டுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள், நான் சடங்கு முடித்து ஏறினதும் சொன்னாள்: “ஏங்க, நீங்க ஊதுறதுக்கும் ஆட்டுறதுக்கும் அது கிளம்பல. மூடியத் திறந்தாத்தான் கிளம்புது.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. “இது நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். உறிஞ்சும், அழுத்தும், வெடிக்கும், புகையைத் தள்ளும். இதுல மூடி எங்க வருது சொல்லு?” என்று தெற்குமாசி வீதி வரும்வரை பாடம் நடத்தினேன். அவள் அதற்குப் பின் வாயைத் திறக்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 5 சாயங்காலம் மாட்டுத்தாவணி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முதலமைச்சர் சிகிச்சையிலிருந்த அப்போலோ ஆஸ்பத்திரியிலிருந்து என்னென்னவோ செய்தி வந்து கடைகள் படபடவென்று ஷட்டரை இறக்க, ஊரே வீட்டைப் பார்த்து ஓடியது. கே.கே. நகர் ஆர்ச் பக்கத்தில் என் வண்டி நின்றது. ஆளில்லாத ரோட்டில் ஒருவன் டேங்குக்குள் தலையை விட்டு ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். “என்ன குடிக்கிற?” என்றார். “ஊதுறேன் சார்” என்றேன். “எதுக்கு, எங்க, ஊதிக் காட்டு” என்று முகத்தை நீட்டச் சொன்னார். ஊதினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “வீட்டுக்குப் போய்யா” என்று அவரே பின்னாலிருந்து தள்ளிவிட்டார்.

டிசம்பர் கடைசியில் வண்டி நிற்பதே நின்றுபோனது. கடைவரை போய், வீடுவரை வந்து, வழியில் ஒரு செருமல்கூட இல்லை. கார்பரேட்டர் சுத்தம் செய்ததுதான் கைகொடுத்தது என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன். கடையில் எனக்குப் பெயரும் வந்துவிட்டது. கூட வேலை பார்க்கிற ஒருவர் தன் வண்டி கோளாறுக்கு என்னிடம் யோசனை கேட்டார், நானும் சொன்னேன். (அவர் வண்டி இன்னும் மோசமானது. அது தனிக் கதை.) புது வருஷச் சந்தோஷத்தில், இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டிக்கு நூறு நூறாகப் போட்டு அவமானப்படுத்தக் கூடாது என்று டேங்க் நிறையப் போட்டேன்.

மறுநாள் காலை, ஏ.வி. பாலம், நட்டநடு. மூன்றாவது செருமலில் நின்றது.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் மிகை. ஆனால் மாடு இருக்கிறதா என்று கீழே எட்டிப் பார்த்தேன். வண்டியை உருட்டிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போய் நோட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்தார். “பாலம்... பாலம்... யானைக்கல்லு...” என்று வாசித்துக்கொண்டே போனவர் விரலை ஓர் இடத்தில் நிறுத்தினார். நான் வேலையற்றுப் போய் எழுதிவைத்த கடைசிக் கட்டம் அது: டேங்கில் எவ்வளவு பெட்ரோல். “ஃபுல்லா இருந்தா சீக்கிரம் நிக்குது, கொறையக் கொறைய நல்லா ஓடுது. நீங்களே எழுதி வச்சிருக்கீங்களேண்ணே” என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். “டேய், அந்த மூடியப் பார்றா.”

பன்னிரண்டு பதிமூன்று வயதுக்காரன் மாதிரி தெரிந்தாலும் பதினெட்டு முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிற அவருடைய கைப்பையன், மூடியைத் திறந்தான். உஸ். சாவித் துவாரத்தைச் சுற்றி நகத்தால் சுரண்டினான். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்கடியில் ஊசிமுனை பருமனில் ஓர் ஓட்டை. அது இருந்த இடமே தெரியாமல் சந்தனமும் தூசியும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தது. மெக்கானிக் காலண்டரில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒரு குத்துக் குத்தினார்.

“டேங்கு மூச்சு விடணும்ல அண்ணே” என்றார்.

எண்ணெய் டின்னில் ஓர் ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது. எதிர்மூலையில் இன்னோர் ஓட்டை வேண்டும். சமையலறையில் நிற்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். என்னுடையது மாதிரி கார்பரேட்டர் பைக்கில் பம்ப் கிடையாது. மேலே இருக்கிற பெட்ரோல் தன் பாட்டுக்குக் கீழே இறங்குகிறது. இறங்கின இடத்தை நிரப்ப மூடி வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கிற கொஞ்சம் காற்று இழுபட்டு இழுபட்டு, பெட்ரோலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று ஒரு சொம்பு அளவுதான். ஐம்பது மில்லி இறங்குவதற்குள் இழுவை வந்துவிடும். முக்கால்வாசி காலியாக இருந்தால் காற்றுக்குத் தாராளம், பத்து கிலோமீட்டர் போனாலும் தெரியாது. நூறு நூறாகப் போட்ட காலத்தில் அதனால்தான் தெரியவில்லை. அழுத்தம் குறைந்தால் பருமன் கூடும் என்கிற பாயில் விதியைப் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். மூடியைத் திறக்கும்போது வந்த உஸ்ஸை, பெட்ரோல் ஆவி வெளியே வருகிற சத்தம் என்றே இரண்டு மாதமாக நினைத்திருந்தேன். அது காற்று உள்ளே போகிற சத்தம். ஒவ்வொரு தடவையும் சரியான வைத்தியத்தை என் கையாலேயே செய்துவிட்டு, அடுத்து என்ன செய்தேனோ அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

“எவ்வளவு?” என்றேன். “ஊக்கால குத்துனதுக்குக் காசு வாங்குனா நல்லாருக்காதுண்ணே. பயலுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க.” பழைய ப்ளக், பழைய காயில், பழைய ஃபில்டர் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எல்லாம் நல்ல நிலையில் இருப்பவை என்று வேறு சொன்னார்.

வீட்டில், “கார்பரேட்டர்ல ஒரு நுணுக்கமான அடைப்பு, எடுத்தாச்சு” என்று சொல்லிவைத்தேன். ஒரு மாதம் தாங்கியது. ஒருநாள் இருவரும் அந்தப் பக்கம் போகும்போது மெக்கானிக் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: “அக்கா, அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் கையில சந்தனக் கிண்ணத்தக் குடுக்காதீங்க!” அவள் அவரிடம் விவரம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. வீடு வந்து இறங்கினதும், “மூடி எங்க வருதுன்னு கேட்டீங்கல்ல?” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.

அந்த வண்டியை 2021இல் விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கினோம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு புது வண்டிகளில் கார்பரேட்டரைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இதிலும் இன்ஜெக்ஷன்தான், டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப், அளந்து ஊற்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். சோக் இல்லை, பெட்ரோல் காக் இல்லை, குனிந்து பார்த்தால் இன்ஜினே தெரியாது. என் மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் ஒரு காலை, வாசலில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல்கூட இல்லை. பதறவில்லை. இப்போது நான் அனுபவசாலி. சீட்டைத் தூக்கி, பெட்ரோல் மூடியை மெதுவாகத் திருகி, உஸ்ஸுக்காகக் காதைக் கிட்டத்தில் வைத்தேன். சத்தம் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று உதட்டைக் குவித்தேன்.

வாசற்படியில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்:

“சைடு ஸ்டாண்ட எடுத்துட்டு ஊதுங்க.”